கோடு சாயும் திசை

கதைகளுக்குப் படம் வரைவதையே தொழிலாகக் கொண்டு இந்நாட்டில் ஒருவன் வயிறு வளர்க்க முடியுமா என்று இளைஞர்கள் சிலர் என்னை வினவுவதுண்டு. முடியாது என்பதே என் வாழ்க்கையில் நான் கண்ட விடை. பகலில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினேன். திருமண அழைப்பிதழ்களுக்குக் குத்துவிளக்கும் வாழைமரமும் வரைந்து கொடுத்தேன். கதைப்படம் இரவு வேலை. 1974ஆம் ஆண்டில் ஒரு படத்துக்கு எனக்குக் கிடைத்தது 5 வெள்ளி. அதுவும் சில மாதம் வரும், சில மாதம் வாராது. ஆயினும் அந்த 5 வெள்ளிக்காக நான் பட்ட பாட்டைப் பெயர்ப்பலகைக்காக ஒருநாளும் பட்டதில்லை.

பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். எங்கள் தோட்டத்துக் கிராணியார் வீட்டில் பழைய ‘கல்கி’ இதழ்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் வரைந்த படங்களைக் கழித்துப்போட்ட கணக்குத் தாள்களின் பின்புறத்தில் பார்த்துப் பார்த்து எழுதினேன். பின்னர் கோபுலுவின் கோடுகளைப் பின்பற்றினேன். பார்த்து வரைவதை நான் இழிவாக எண்ணுவதில்லை. என் கை பழகியது அவ்வாறுதான். ஆனால் கை பழகிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் கண் வேலையற்றுக் கிடந்ததை நான் அறியவில்லை.

இரண்டாவது பள்ளி அச்சுக்கூடம். அந்நாளில் படம் துத்தநாகத் தகட்டில் பிளாக்காகச் செய்யப்பட்டே அச்சேறும். கோட்டுப் பிளாக்குக்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே தெரியும். சாம்பல் நிறம் வேண்டுமெனில் புள்ளிகளாலோ குறுக்குக் கோடுகளாலோ கண்ணை ஏமாற்ற வேண்டும். அச்சாகும் அளவைப்போல் ஒன்றரை மடங்கு பெரிதாக வரைந்து கொடுப்போம். சுருக்கும்போது மெல்லிய கோடுகள் மறைந்துபோகும். நெருங்கிய கோடுகளோ செய்தித்தாளில் மை ஊறி ஒரே கறையாகிவிடும். என் முதல் படத்தில் கதாநாயகியின் கூந்தல் தார் பூசியது போல அச்சாகியிருந்தது. அங்கிருந்த மூத்த தொழிலாளி ஒருவர், “கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே காற்றுப் போக இடம் விடுங்கள், தம்பி” என்றார். ஆப்செட் வந்து பிளாக்குகள் மறைந்த பின்னும் அந்த இடைவெளியை விடாமல் வரைந்து வருகிறேன்.

1976இல் தோட்டத்துச் சிறுகதை ஒன்று படத்துக்காக என்னிடம் வந்தது. கதைத்தலைவி பால்மரம் வெட்டும் பெண். ஓரிரவு முழுதும் உழைத்து, காற்றில் முந்தானை பறக்க, கொடிபோல் வளைந்து மரத்தருகே நிற்கும் அழகி ஒருத்தியை வரைந்தேன். இதைவிடச் சிறந்த படம் என் கையிலிருந்து வந்ததில்லை என்ற இறுமாப்போடு அதை மறுநாள் என் தாயாரிடம் காட்டினேன். முப்பதாண்டுகள் பால்மரம் வெட்டியவர் அவர். எழுத்தறியாதவர். படத்தை விளக்கருகே பிடித்து நெடுநேரம் நோக்கினார்.

“ஏன் தம்பி, இது எந்தத் தோட்டத்து மரம்? வெட்டு இந்தப் பக்கமா சாயுது?” என்று கேட்டார். பிறகு, “இவ முந்தானையைப் பறக்கவிட்டுக்கிட்டா மரம் வெட்டுறா? கொசு தூக்கிக்கிட்டுப் போயிடாதா?” என்று கேட்டுச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. ரப்பர் மரங்களுக்கிடையே பிறந்து வளர்ந்த எனக்கு மரத்தில் வெட்டு எப்பக்கம் சாயும் என்பது தெரிந்திருக்கவில்லை!

மறுநாள் விடியுமுன் தாயாரின் பின்னே நிரைக்குச் சென்றேன். நெற்றியில் விளக்கு, முழுக்கைச் சட்டை, கைலி, தலையை இறுக்கிய துணி. மரத்துக்கு எதிரே நின்றால் வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்திருக்கும். பட்டைக்குள் பால்குழாய்கள் நேரே மேலேறாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. ஆதலால் இவ்வாறு வெட்டினால்தான் குழாய்கள் மிகுதியாக அறுபடும். இக்காரணத்தைப் பின்னாளில் நான் படித்தறிந்தேன். தாயாரின் கை படிக்காமலே அறிந்திருந்தது. அவர் உளியை இழுத்தபடி மரத்தைச் சுற்றிப் பின்னடி வைத்து நகர, மெல்லிய பட்டை சுருண்டு வீழ்ந்தது. முதுகு கொடிபோல் வளையவில்லை; முழங்கால் மடிந்து, தோள் இறங்கி, பாரமெல்லாம் ஒரு காலில் நின்றது. சில்பி கோயில் சிற்பங்களின் முன்னே அமர்ந்து வரைந்தார் என்று படித்து வியந்தவன் நான். என் முன்னே நின்ற உருவத்தை ஒருநாளும் அமர்ந்து பார்த்ததில்லை.

புதிய படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆசிரியர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பெண் அழகாக இல்லையே, வாசகர்கள் விரும்பமாட்டார்கள்” என்றார். பழைய படத்தையே கேட்டார். அதைக் கிழித்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். கதை படமின்றி வெளிவந்தது. நான்கு மாதங்கள் எனக்கு வேலை வரவில்லை. அம்மாதங்களில் பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு பெரட்டுக் களத்திலும், பால் நிறுக்கும் கொட்டகையிலும், பேருந்து நிறுத்தத்திலும் நின்று வரைந்தேன். முகத்தை விட்டுவிட்டுக் கைகளையே வரைந்தேன்; முகத்தில் பொய் சொல்லிவிடலாம், கையில் இயலாது. 1979இல் லாட்டின் ‘கம்போங் பாய்’ வெளிவந்தபோது, தன் சிற்றூரைத் தன் கோட்டிலேயே எழுதியவர் அண்டை வீட்டிலேயே இருந்திருக்கிறார் என்று மகிழ்ந்தேன். சிறிது பொறாமையும் கொண்டேன். மறைப்பானேன்?

இதற்கிடையே வேறோர் ஆசிரியர் தோட்டத்துக் கதையொன்றைத் தந்து, “உமக்குத் தெரிந்தபடி வரையும்” என்றார். நிரையில் பழகிய அந்த உருவத்தையே வரைந்தேன். ஞாயிறு பதிப்பில் அது வெளிவந்த அன்று தாளை மடித்து எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் பேருந்து ஏறினேன். தாயார் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெட்டின் மீது விரலை வைத்து, இடமிருந்து வலமாக மெல்ல இறக்கினார். விரல் மரத்தின் அடிப்புறம் வந்து நின்றது.

“எல்லாம் சரிதான் தம்பி. மங்கு எங்க?”

கதைத் தலைப்பின் பெரிய எழுத்துகளுக்கு இடம் விடுவதற்காக நானே அதை விட்டிருந்தேன். அடுத்த படத்தை மங்கிலிருந்தே தொடங்கினேன்.