மாமியின் கொல்லைப் பருத்தி

எங்கள் பாட்டி கடைப் பஞ்சில் திரி திரிக்கமாட்டாள். கொல்லைப் பருத்திதான். திருவானைக்காவல் அக்ரஹாரத்தில் அந்தச் செடி இன்னும் ஒன்றிரண்டு வீட்டில் நிற்கிறது. "நம்ம கோயிலோட திருநீற்றான் மதில் கட்டின காலத்துச் செடி, அசல் நாட்டுப் பருத்தி" என்று கல்யாணப் பந்தியில் உறவினர் ஒருவர் அடித்துச் சொன்னார். அவர் சொன்ன தோரணை எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் ஒரு நப்பாசையும் இருந்தது. திருச்சி, சேலம் பக்கம் ஒரு காலத்தில் உப்பம் பருத்தி விதைத்தார்கள். தெற்கே கரிசலில் கருங்கண்ணி. கம்போடியா ரகம் வந்தது, வீரிய ஒட்டு வந்தது, 2002இல் பி.டி. பருத்தி வந்தது, உப்பம் வயலை விட்டே போனது. அதன் மிச்சம்தான் கொல்லையில் ஒளிந்திருக்கிறதோ?

விதை கேட்டு, அந்தச் செடி வைத்திருக்கும் மதிலோரத் தெரு மாமி ஒருத்தியிடம் போய் நின்றேன். "பூணூலுக்கு நூக்கற பஞ்சுடா. கண்டவா கைக்குப் போகப்படாது." அடுத்த முறையும் அதே பதில். பழங்கள் வாங்கிப் போனேன். பழத்தை வாங்கிக்கொண்டாள், விதை வரவில்லை. பார்க்க மட்டும் அனுமதி.

அதுவே போதுமானதாக இருந்தது. வெடித்த காயில் மூன்று சுளை. ஒரு சுளையை எடுத்து விரலால் இழுத்தாள்; பஞ்சு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளங்கையில் மிஞ்சியது தனித்தனி விதையல்ல. கருப்பு விதைகள் ஒன்றோடொன்று ஒட்டி, சிறுநீரகம் மாதிரி வளைந்த ஒரே கட்டி. கருங்கண்ணி விதை உதிரியாக இருக்கும், மேலே பிசிர் ஒட்டியிருக்கும்.

படத்தைப் பார்த்த ஓய்வுபெற்ற பருத்தி விஞ்ஞானி ஒருவர் போனிலேயே சிரித்தார். காசிப்பியம் பார்படென்ஸ், அதிலும் பிரேசிலியன்ஸ் வகை. தென் அமெரிக்கச் செடி. உப்பத்துக்கும் கருங்கண்ணிக்கும் குரோமோசோம் 26, இதற்கு 52. கொலம்பஸ் கப்பலேறிய 1492க்கு முன் இது காவிரிக்கரையில் இருந்திருக்க வழியில்லை. பந்திக் கதை அத்தோடு சரி. என் உப்பமும்.

ஏமாற்றம் கொஞ்ச நேரம்தான். 1974இல் கோயம்புத்தூரிலிருந்து வந்த சுவின், நம் நாட்டின் மிக நீண்ட இழைப் பருத்தி. சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரண்டு ரகங்களைச் சேர்த்து உருவாக்கியது. அதுவும் இதே பார்படென்ஸ் இனம்தான். இப்படிக் கோயிலிலும் கொல்லையிலும் நிற்கும் பல்லாண்டுப் பருத்திகளை விஞ்ஞானிகள் தேடிச் சேகரிக்கிறார்கள். நாக்பூர் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் மரபணு வங்கியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பருத்தி விதை மாதிரிகள் உண்டு. விதையைக் குளிரில் வைத்தால் மட்டும் போதாது; முளைப்புத் திறன் குறையுமுன் மறுபடி விதைக்க வேண்டும். தேனீ வேறு மகரந்தம் கொண்டுவந்து சேர்த்துவிடாமல், மொட்டு விரியுமுன் நுனியை நூலால் கட்டுவார்கள்.

மாமி எந்த மொட்டையும் கட்டியதில்லை. சுற்றிலும் வாழையும் நெல்லும். பருத்தி வயலைப் பார்க்கப் பெரம்பலூர் பக்கம் போகவேண்டும். தேனீ எங்கிருந்து கலப்படம் கொண்டுவரும்? ஆனால் வருஷம் முழுக்க நிற்கும் செடியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தங்கிப் பிழைக்கும் என்பதால், வயலோரத்தில் இதைப் பிடுங்கச் சொல்வார்கள். அதுவும் நியாயம்தான்.

எல்லாவற்றையும் மாமியிடம் சொன்னேன்.

"பெருவோ பிரேசிலோ, திரி நின்னு எரியறதோல்லியோ?" என்றாள். பிறகு, "அந்த உப்பம்னியே, அதுக்கு விதை கிடைக்குமா?"

"கேட்டுப் பார்க்கணும் மாமி."

"முதல்ல அதைக் கொண்டா. அப்புறம் இதைத் தரேன்."

கோயம்புத்தூர் பருத்தி ஆராய்ச்சிக்காரர்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.