சஹர் நேரத்துல மாட்டின குட்டியானை

நான் புதினா, கொத்தமல்லி போடுறவன். பூந்தமல்லி தாண்டி திருமழிசைப் பக்கம் முக்கால் ஏக்கர் நிலம். ரம்ஜான் மாசம் வந்தா எனக்கும் நாலு காசு கூடக் கிடைக்கும். நோன்புக் கஞ்சிக்குப் பச்சரிசியும் பாசிப்பருப்பும் மட்டும் போதுமா? புதினா வாசனை வேணுமே!

எங்க தெருவுல நோன்பு வைக்கிற பசங்களைப் பார்த்திருக்கேன். ஒரே நாள்ல நாலு ஆளா மாறுவாங்க. காலையில பத்து மணிக்கு, "இதெல்லாம் ஒரு விஷயமா மாமா?"ன்னு வீரம். ஒரு மணிக்குக் குழாயடியில திரும்பத் திரும்ப மூஞ்சி கழுவுறது. மூணு மணிக்குப் பள்ளிவாசல் ஃபேனுக்குக் கீழ தூக்கம். அஞ்சு மணிக்கு செல்போன்ல பிரியாணி வீடியோ. "ஏன்டா இப்படி வயித்தெரிச்சல்?"னு கேட்டா, "பார்த்தா நோன்பு முறியாது மாமா"ங்கிறான் கறிக்கடை பாயோட பையன்.

அவன் கணக்குலயும் புலி. பிறைக் கணக்குங்கிறதால வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னாடி வருமாம். 2018ல கத்திரி வெயில்ல ஆரம்பிச்ச நோன்பு, 2025ல மார்ச்சுக்கு வந்துடுச்சு. "2030ல ஜனவரியில ஒண்ணு, டிசம்பர் கடைசியில ஒண்ணு, ஒரே வருஷத்துல ரெண்டு ரம்ஜான் மாமா. ஆனா மார்கழிக் குளிரு, பகலும் சின்னது"ன்னு இப்பவே குஷியா இருக்கான்.

அந்த 2025 மார்ச்சுல ஒரு நாள், விடியறதுக்கு முன்னாடி கட்டுக்களை ஏத்திக்கிட்டு கோயம்பேட்டுக்குக் கிளம்பினேன். வரப்பு ஓரத்துல குட்டியானை சேத்துல இறங்கிடுச்சு. நேரம் போனா கீரைக்காரனுக்கு விலை போச்சு. ஊரே தூங்குது. முழிச்சிருந்தது சஹருக்கு எழுந்த பசங்க மட்டும்தான். போன் பண்ணினேன். நாலு பேர் வந்தாங்க. மூணு பேர் சாப்பிட்டுட்டாங்க. கறிக்கடை பையன் தட்டை மூடி வச்சிட்டு, "வந்து சாப்பிடுறேம்மா"ன்னு சொல்லிட்டு வந்திருக்கான்.

கல்லு போட்டு, கட்டை கொடுத்து, தள்ளுறோம் தள்ளுறோம். வண்டி மேல ஏறவும் பாங்கு சொல்லவும் சரியா இருந்துச்சு. பையன் கையெல்லாம் சேறு. ஒரு வாய் தண்ணிகூட குடிக்கல.

எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. "இன்னைக்கு ஒரு நாள் விட்டுடேன்டா"ன்னேன். "நிய்யத்து வச்சாச்சு மாமா. நீங்க கிளம்புங்க, விடியப் போவுது"ன்னான்.

அன்னைக்கு நல்ல விலைதான். ஆனா மனசு ஒட்டல. நானும் மதியம் சாப்பிட வேண்டாம்னு இருந்தேன். ரெண்டு மணிக்கு வீட்டுல குழம்பு தாளிச்ச வாசனை வந்துச்சு. தோத்துட்டேன். ரெண்டு தடவை சோறு வாங்கித் தின்னேன்.

சாயங்காலம் பத்துக் கட்டு புதினாவோட பள்ளிவாசலுக்குப் போனேன். "கஞ்சி காலையிலயே கொதிச்சாச்சு, இது நாளைக்கு ஆகும்"னு சிரிச்சு வாங்கிக்கிட்டாங்க. பையன் ஓரமா உட்கார்ந்திருந்தான். உதடு வெடிச்சிருந்துச்சு. அன்னைக்கு பிரியாணி வீடியோவும் இல்ல, பேச்சும் இல்ல. ஆறேகாலுக்கு மேல பாங்கு. ஒரு பேரீச்சம்பழம், அப்புறம் ஒரு டம்ளர் தண்ணி. கண்ணை மூடிக்கிட்டு நிதானமாக் குடிச்சான். நான் பார்த்துக்கிட்டே நின்னேன்.

ரெண்டாவது கிண்ணம் கஞ்சி உள்ள போனதும்தான் பழைய ஆளு திரும்பினான்.

"மாமா, நாளைக்கு வண்டியை ரோட்டுலயே நிறுத்துங்க. கட்டுக்களை நாங்க தலையில தூக்கிட்டு வர்றோம். ஆனா சாப்பிட்டுட்டு!"