வர்க்கலா குன்றின் நிழல்

திருவனந்தபுரத்தில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் வர்க்கலா. மாமனாருக்குத் தர்ப்பணம் செய்ய, குடும்பத்தோடு பாபநாசம் கடற்கரைக்குப் போயிருந்தோம்.

கர்மாக்கள் நடக்கும் இடத்தில்தான் கூட்டம். வடக்கே நடக்க நடக்க ஒரே அமைதி! ஒரு பக்கம் அரபிக்கடல். மறு பக்கம் சுவர் மாதிரி நிமிர்ந்த செங்குன்று. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது.

கரை மேற்கே பார்த்தது. அதனால் காலையில் குன்றின் நிழல் மணலில் குளுகுளுவென்று விழுகிறது. பாறை இடுக்கில் ஊற்று நீர் கசிகிறது. என் நாத்தனார் கைக்குழந்தையைப் படுக்க வைக்க அங்கே ஜமக்காளத்தை விரித்தாள். அவ்வளவுதான், மீன் கூடையோடு வந்த அம்மாள் ஒருத்தி, "மோளே, அவிடே இரிக்கண்டா!" என்று சத்தம் போட்டு, மேலே கையைக் காட்டினாள்.

அண்ணாந்து பார்த்தேன். மேலே செம்புரைக்கல், கீழே மணற்கல்லும் களிமண்ணும். கசிகிற அந்த நீரே உள்ளே மண்ணை இளக்குகிறது. அலை அடியை அரிக்கிறது. மழைக்காலத்தில் பாளம் பாளமாகச் சரியுமாம். ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போனோம்.

சகோதரிகளே, அவசியம் போய் வாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடல் கொந்தளிக்கும். அப்போது குழந்தைகளோடு வேண்டாம். மற்ற நாளிலும் குன்றை எட்டி நின்றே ரசியுங்கள். நிழலுக்கு வீட்டிலிருந்தே ஒரு குடை கொண்டு போங்கள்!