கிரிக் – ஜெலி மலைச்சாலையில் லைன் கிடைக்குமா?

பேராக் மாநிலத்தின் கிரிக் பட்டணத்தையும் கிளந்தான் மாநிலத்தின் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் நீங்கள் பயணம் செய்ததுண்டா, வாசகர்களே? 1982-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இச்சாலை, தித்திவங்சா மலைத்தொடரைக் குறுக்காகக் கடந்து சுமார் 120 கிலோமீட்டர் செல்கிறது. அதற்கு முன்னர் பினாங்கிலிருந்து கோத்தா பாரு போக விரும்பியவர்கள், தெற்கே இறங்கி நாட்டையே சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

கிரிக்கை விட்டுச் சிறிது தூரம் சென்றதும் தெமெங்கோர் ஏரி கண்ணில் படும். நடுவில் பண்டிங் தீவு. அதன் இருபுறமும் பாலங்கள். அதற்கப்பால் அடர்ந்த காடு, பனிமூட்டம், யானைகள் சாலையைக் கடக்கும் என்று எச்சரிக்கும் பலகைகள். கண்ணுக்கு விருந்துதான், ஆனால் கைப்பேசிக்குப் பல இடங்களில் பட்டினி!

உல்லாசப் பயணிக்கு இது பெரிய குறையன்று. லாரி ஓட்டுநருக்கும், மருந்து விற்பனையாளருக்கும், செம்பனை ஆலைகளில் இயந்திரம் பழுதுபார்க்கச் செல்லும் தம்பிமார்களுக்கும் அப்படியா? பொழுது சாயும் நேரத்தில் வண்டி நின்றுவிட்டால், உதவி கேட்க ஓர் அழைப்பு போயாக வேண்டும். வீட்டில் சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆகவே, வேலைக்காக ஊர் ஊராய்ப் போகிறவர் கைப்பேசி வாங்கும்போது, அதில் படம் எவ்வளவு அழகாக விழும் என்று பார்ப்பதற்கு முன், லைன் எப்படிக் கிடைக்கும் என்று பார்ப்பதே முறை.

மலையில் ஏன் லைன் அறுந்துபோகிறது? கோபுரத்திலிருந்து வரும் வானொலி அலையை மலை மறித்துவிடுகிறது. அலைகளிலும் வேறுபாடு உண்டு. 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் அதிகத் தூரம் செல்லும். மரக்கூட்டத்தையும் ஓரளவு தாண்டும். 2600, 3500 போன்ற உயர்ந்த அலைகள் பட்டணத்தில் வேகம் தரும். காட்டில் விரைவில் களைத்துவிடும்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "இந்தக் கைப்பேசி நம் நாட்டு அலைகள் எல்லாவற்றையும் பிடிக்குமா?" 4ஜிக்கு 1, 3, 7, 8 என்ற பேண்ட் எண்களும், 5ஜிக்கு 28, 78 என்ற எண்களும் அதன் விவரத்தாளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவற்றுள் 8 என்பது 900 மெகாஹெர்ட்ஸ்; 28 என்பது 700 மெகாஹெர்ட்ஸ். மலைப்பாதையில் கைகொடுப்பவை இவ்விரண்டே. வேறு நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட சில கைப்பேசிகளில் இவற்றுள் ஒன்றிரண்டு இல்லாமற் போவதுண்டு. விலை மலிவு என்று மயங்கிவிடாதீர்கள்.

இரண்டாவது கேள்வி, 4ஜி வழியாகவே பேசும் 'வோல்டீ' வசதியைப் பற்றியது. மலேசியாவில் 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டு இறுதியில் நிறுத்தப்பட்டது. அந்த வசதி உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் சிம்மோடு வேலை செய்யாவிட்டால், இணையம் ஓடும் இடத்திலும் அழைப்பு போகாமல் தடுமாறலாம். பணம் கட்டுமுன் உங்கள் சிம்மைப் போட்டுப் பேசிப் பாருங்கள். பேசும்போதும் திரையில் 4ஜி என்றே நின்றால் நிம்மதி.

மூன்றாவது, இரண்டு சிம் போடும் வசதி. ஒரு நிறுவனத்தின் கோபுரம் எட்டாத வளைவில் மற்றொன்று எட்டக்கூடும். நீங்கள் அடிக்கடி போகும் பாதையில் எந்த இரண்டு நன்றாக எடுக்கின்றன என்பதை, அதே பாதையில் ஓடும் ஓட்டுநர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.

திரையில் தெரியும் கோடுகளை மட்டும் நம்பாதீர்கள். நான்கு கோடு என்றால் எவ்வளவு என்பது ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் வேறுபடும். பல கைப்பேசிகளில், சிம் நிலை என்ற பகுதியில் 'டிபிஎம்' கணக்கு இருக்கும். 4ஜியில் அது கழித்தல் 90 என்றால் நல்லது. கழித்தல் 120 என்றால் லைன் போகும் தறுவாய். ஒரே நிறுவனத்தின் சிம்மை இரு கைப்பேசிகளில் போட்டு, ஒரே இடத்தில் இக்கணக்கை ஒப்பிட்டால் எது மேல் என்று புரிந்துவிடும்.

லைன் தேடித் தேடியே மின்கலம் தீர்ந்துவிடும் என்பதால், 5,000 எம்ஏஎச் அளவு மின்கலம் இருப்பது உத்தமம். உலோக உறை வேண்டாம். அது அலையைத் தடுக்கும்.

இவ்வளவும் பார்த்து வாங்கினாலும், கோபுரமே இல்லாத இடத்தில் எந்தக் கைப்பேசியும் பேசாது. 999-ஐ அழைத்தால் வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாகவும் அழைப்பு போக முடியும். ஆனால் ஏதாவதொரு கோபுரம் எட்ட வேண்டுமே! ஆகையால் மலையேறுமுன் கிரிக்கிலேயே வண்டியை நிறுத்தி, "இத்தனை மணிக்கு ஜெலியில் இருப்பேன், அதற்குமேல் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் தேடுங்கள்" என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். வரைபடத்தையும் அங்கேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். லைன் மங்கிய இடத்தில் பேச முயல்வதைவிடக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். ஒரு கணம் லைன் கிடைத்தாலும் அது போய்ச் சேர்ந்துவிடும்.