சப்தம்

ராத்திரி பதினோரு மணிக்கு மேல், தெரு அடங்கிய பிறகுதான் அது கேட்கும். மேஜைக்கு அடியில், சி.பி.யு. பெட்டிக்குள், யாரோ நகத்தால் தகரத்தைச் சுண்டுவது மாதிரி ஒரு ‘டிக்’. பத்து எண்ணுவதற்குள் இன்னொன்று. இவற்றுக்குக் கீழே ஒற்றைத் தந்தியின் மீட்டல் போல விடாத ஒரு முனகல். முதல் சில நாட்கள் இதைப் பொருட்படுத்தாமலிருக்க முயன்றேன். மோசமான கவிதைகளை அப்படித்தான் சகித்துக்கொள்கிறோம்.

என் கம்ப்யூட்டரில் இரண்டு வீடுகள் இருக்கின்றன. பொத்தானை அமுக்கியதும் விண்டோஸா, லினக்ஸா என்று கேட்கும். லினக்ஸ் ஏழு மாதங்களுக்கு முன் நானாக விரும்பிக் குடியேறியது. விண்டோஸை விட முடியாததற்குக் காரணம் ஒரு நண்பரின் கவிதைகள். ஆறு வருஷங்களுக்கு முன் காலமாகிவிட்டார். நம்மில் பலருக்கும் தெரிந்தவர், பெயர் வேண்டாம். தொண்ணூறுகளில் எழுத்துருக்காரர் ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு குறியீட்டு முறை வைத்திருந்த காலத்தில் தட்டச்சு செய்து பழகியவர், கடைசிவரை அதை மாற்றிக்கொள்ளவில்லை. 1999இல் அரசாங்கம் டாம், டாப் என்று தரம் நிர்ணயித்தது. 2010இல் யூனிகோடு என்றது. அவருக்கு இரண்டும் ஒன்றுதான். அவருடைய கோப்புகளை லினக்ஸில் திறந்தால் கொம்பும் புள்ளியும் முளைத்த ரோமன் எழுத்துக்கள்தான் வரும். விண்டோஸில், அந்தப் பழைய எழுத்துருவைப் போட்டால், கவிதை. அவற்றைத் தொகுத்துப் புத்தகமாக்குவது என் பொறுப்பு என்று அவர் வீட்டில் சொல்லியிருந்தேன். ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேறு பிரதி கிடையாது.

ஆகவே அந்த டிக் வேறு எதையோ எண்ணுவதாகத் தோன்ற ஆரம்பித்தது.

கடையிலிருந்த பையன் போனிலேயே தீர்ப்புச் சொன்னான். “டிஸ்க் போகப் போகுது சார், மாத்திடுங்க.” கேட்காமலே சொல்லிவிட்டானே என்று எரிச்சல். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். லாரி மெக்கானிக்குகள் எஞ்சினைச் சோதிப்பது மாதிரி, ஸ்க்ரூட்ரைவர் நுனியை டிஸ்க் பொருத்தியிருந்த சட்டத்தில் வைத்துப் பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அந்தரங்கமான காரியம் அது. முனகல் மண்டைக்குள்ளேயே இறங்கிற்று. நிமிஷத்துக்கு 5400 சுற்று, அதாவது வினாடிக்கு 90. லாப்டாப்பில் போடுகிற சின்ன டிஸ்க்கை ஒரு சட்டத்தில் வைத்துப் பெரிய பெட்டிக்குள் மாட்டியிருந்தார்கள். நாலு திருகாணிகளில் இரண்டுதான் இருந்தன, அவற்றிலும் ஒன்று ஆடிற்று. இறுக்கினேன். சட்டத்துக்கடியில் சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி வைத்தேன். முனகல் நின்றது.

டிக் நிற்கவில்லை.

ஒரு விஷயத்தை இத்தனை நாள் கவனிக்கவில்லை. விண்டோஸில் இருக்கும்போது அது வருவதேயில்லை. ஒரே டிஸ்க், ஒரே தகடு, ஒரே மின்சாரம். சாகப்போகிற ஜீவன் ஒரு வீட்டில் மட்டும் இருமுமா? நோய் யந்திரத்தில் இல்லை என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது.

டிஸ்க்குகள் தம்மைப் பற்றித் தாமே ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றன. ஸ்மார்ட் என்று பெயர். அதில் 5ஆம் வரி பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை, பூஜ்யம். 197ஆம் வரி, படிக்க முடியாமல் காத்திருப்பவை. அதுவும் பூஜ்யம். 193ஆம் வரியில் மட்டும் 2,71,000க்கு மேல். தலை எத்தனை முறை தகட்டிலிருந்து விலகி ஓரத்திலுள்ள சரிவில் போய் ஒதுங்கியது என்பதன் கணக்கு அது. இந்த மாதிரி டிஸ்க்குக்குத் தயாரித்தவர்கள் குறித்திருக்கும் எல்லை 3,00,000.

பிறகு புரிந்துகொள்வது சிரமமாயில்லை. சில வினாடிகள் வேலையில்லையென்றால் மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தலையை ஒதுக்கி வைத்துவிடும்படி டிஸ்க்குக்கு உத்தரவு. லினக்ஸோ சில வினாடிகளுக்கொருமுறை தன் நாட்குறிப்பில் ஒரு வரி எழுதாமல் இருக்காது. தலை ஒதுங்கும், எழுத அழைப்பு வரும், திரும்பும், மறுபடி ஒதுங்கும். ஒவ்வொரு ஒதுங்கலும் ஒரு டிக். என் விண்டோஸ் அதைச் சும்மா இருக்கவே விடுவதில்லை. தேடுவதற்கென்று எதையாவது அட்டவணை போட்டுக்கொண்டேயிருக்கும். அதனால் அங்கே ஓய்வுமில்லை, ஓசையுமில்லை. மணிக்கு 360 டிக் என்று வைத்து, நாளுக்கு மூன்றரை மணி நேரமாக ஏழு மாதத்துக்குப் பெருக்கிப் பார்த்தேன். கணக்குச் சரியாகவே வந்தது.

ஹெச்.டி.பார்ம் என்று ஒரு கருவி. 128 என்றிருந்த எண்ணை 254 ஆக்கினேன். மௌனம். மின்சாரம் போய் வந்தால் மறந்துவிடும் என்பதால் ஒவ்வொரு தொடக்கத்திலும் சொல்லும்படி எழுதி வைத்தேன். பையன் சொன்னது தப்பு என்று ஆயிற்று. ஆனால் முற்றிலும் தப்பும் இல்லை, இன்னும் 29,000 மிச்சமிருந்ததே.

அன்றிரவே விண்டோஸில் உட்கார்ந்தேன். 41 கவிதைகள். ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றி, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். ‘ஞ’ எங்கும் உடைந்திருந்தது. மூன்று இரவு பிடித்தது.

இருபத்தெட்டாவது கவிதை எனக்குத் தெரிந்தது. வருஷங்களுக்கு முன் பிரசுரத்துக்கு அனுப்பியிருந்தார். ‘சப்தம் அதிகம், கடைசி மூன்று வரிகளை வெட்டலாம்’ என்று எழுதித் திருப்பியிருந்தேன். ‘சரி’ என்று ஒரே வார்த்தையில் கார்டு வந்தது. அப்புறம் எதுவும் அனுப்பவில்லை. எனக்கு அது அப்போது உறைக்கவுமில்லை. கோப்பைக் கடைசியாகத் திருத்திய தேதி, அவர் போவதற்கு மூன்று வாரம் முன்பு. அந்த மூன்று வரிகள் அப்படியே இருந்தன. நாலாவதாக ஒன்றும் சேர்த்திருந்தார். இரண்டு தடவை உரக்கப் படித்துப் பார்த்தேன். சப்தம் இருக்கத்தான் செய்கிறது. வெட்ட முடியாது.

பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு அவர் மகளைப் பார்க்கப் போனேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எங்ககிட்ட கம்ப்யூட்டர் இல்லையே மாமா. போன்ல படிக்க முடியுமா?”

இப்போது முடியும் என்றேன்.