பெயர் தெரியாததைத் தேடும்போது

ஒன்றின் பெயர் தெரிந்தால்தான் அதைப் பற்றித் தேட முடியும் என்பது அகராதிக் காலத்து நியதி. இணையம் வந்த பிறகும் அது நெடுநாள் மாறவில்லை. மழைக்குப் பின் கொல்லையில் முளைத்த செடியின் பெயர் தெரியாவிட்டால், இலை இப்படி, பூ அப்படி என்று எத்தனை விதமாக எழுதினாலும் கூகுள் வேறெதையோதான் காட்டும். கேள்வி கேட்பதற்கே பாதி விடை தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

படத்தைக் கொடுத்துத் தேடும் வசதி அந்தக் கதவைத் திறந்தது. என் அம்மாவுக்குப் போனில் எழுத்துகளைத் தட்டுவது சிரமம். ஆனால் கேமராவைப் பிடிக்கத் தெரியும். நடைப்பயிற்சிக்குப் போகும்போது வேலியோரத்துச் செடி, பக்கத்து வீட்டுத் தொட்டியில் பூத்த புதுப் பூ, கடையில் அடுக்கியிருக்கும் பேர் தெரியாத பழம் என்று எல்லாவற்றையும் படமெடுத்துத் தேடுகிறார். எழுதத் தயங்குகிறவருக்கும் கேட்கும் உரிமை கிடைத்திருக்கிறது. இதைவிடப் பெரிய பயன் இந்தத் தொழில்நுட்பத்துக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இது ஒரே நாளில் வந்ததல்ல. 2000 பிப்ரவரியில் கிராமி இசை விருது விழாவுக்குப் பாடகி ஜெனிஃபர் லோபஸ் அணிந்து வந்த பச்சை உடையைப் பார்க்க உலகமே கூகுளில் தேடியது. கிடைத்ததெல்லாம் எழுத்துச் சுட்டிகள். அந்தத் தேவை உணரப்பட்டு, 2001-இல் கூகுளின் படத் தேடல் பிறந்தது. அங்கேயும் சொல்லைக் கொடுத்துத்தான் படத்தைப் பெற முடியும். படத்தையே கேள்வியாக ஏற்கும் டின்ஐ (TinEye) என்ற தேடுபொறி 2008-இல் டொராண்டோவிலிருந்து வந்தது. கூகுள் 2011-இல் அதைச் செய்தது. போன் கேமராவைக் காட்டியே தேடும் லென்ஸ் வசதியை 2017-இல் அறிவித்தது.

படத்தைக் கொடுத்துத் தேடுவதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, இதே படம் வேறெங்கே இருக்கிறது என்று பார்ப்பது. வெள்ளம், கலவரம் என்றால் வாட்ஸ்அப்பில் பழைய படங்கள் புதுச் செய்தியாக உலா வருமே, அவற்றைப் பிடிக்க இது உதவும். மற்றொன்று, படத்தில் உள்ள பொருள் எது என்று கண்டறிவது. நிறம், விளிம்பு, வடிவம் முதலியவற்றை இயந்திரம் எண்களாக மாற்றி, தன்னிடம் உள்ள கோடிக்கணக்கான படங்களின் எண்களோடு ஒப்பிட்டு, மிக நெருங்கியவற்றை எடுத்துத் தருகிறது. அது சொல்வது சாயலை மட்டுமே. அந்தச் சாயலுக்குப் பெயர், முன்பே எவரோ ஒருவர் படத்தோடு எழுதி வைத்த குறிப்பிலிருந்து வருகிறது.

அம்மா ஒருநாள் வாசலோரச் செடி ஒன்றைப் படமெடுத்தார். போன் 'அகலிஃபா இண்டிகா' என்றது. சரியான விடைதான். நான் வாசித்துக் காட்டியதும் அம்மா போனை வாங்கி, அதில் வந்த மற்றப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இது குப்பைமேனி இல்ல? சொறி சிரங்குக்கு அரைச்சுப் பூசுவோமே. இதோட வேரைப் பூனை கண்டா விடாது" என்றார். போன் காட்டிய பக்கங்களில் தமிழ்ப் பெயர் இல்லை, பூனையும் இல்லை. நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்தவற்றில் பலவற்றை யாரும் படத்தோடு எழுதி வைக்கவில்லை. அதனால் அவை இயந்திரத்துக்கும் தெரியவில்லை.

சாயலை மட்டும் நம்புவதில் ஆபத்தும் உண்டு. கீழாநெல்லியைப் போலவே இருக்கும் செடிகள் பல. உண்ணத்தக்க காளானுக்கும் நச்சுக் காளானுக்கும் படத்தில் வேறுபாடு தெரியாமலே போகலாம். கிழங்கு முதல் விதை வரை கொல்சிசின் நஞ்சு கொண்ட செங்காந்தள், பூக்காத பருவத்தில் சாதாரணக் கொடிதான். போன் சொன்னது என்பதற்காக எதையும் பறித்து வாயில் போடக் கூடாது. செடியைத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டே தொட வேண்டும்.

இயந்திரத்தின் உதவி இல்லாமலேகூட, குறிப்போடு பாதுகாக்கப்பட்ட படம் என்ன சாதிக்கும் என்பதற்கு அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசரே சான்று. அந்தக் கோயிலிலிருந்து களவு போன செப்புத் திருமேனியை, 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகக் கோயில்களைப் பல்லாண்டுகளாகப் படமெடுத்து, ஊர்ப்பெயர் குறித்து வைத்திருந்தது. அந்தத் தொகுப்பில் இந்த நடராசரும் இருந்தார். கலைக்கூடத்துச் சிலையை அந்தப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவை மனிதக் கண்கள். 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. படத்தோடு ஊர்ப்பெயர் இல்லாதிருந்தால், அது எந்த ஊர் நடராசர் என்று யார் நிறுவியிருக்க முடியும்?

ஆகவே படத்தேடலின் பலம் இயந்திரத்தில் மட்டும் இல்லை. படத்தின் கீழே நாம் எழுதும் ஒரு வரியிலும் இருக்கிறது. நம் போன்களில் ஆயிரக்கணக்கான படங்கள் கிடக்கின்றன: ஏற்றம், உரல், வட்டாரக் கத்தரிக்காய், குலதெய்வக் கோயிலின் மண்குதிரை, வயல் வரப்புக் கீரை. இவற்றில் பலவற்றின் பெயர் நம் தலைமுறையோடு நின்றுவிடக்கூடும். வீட்டுப் பெரியவரிடம் படத்தைக் காட்டிப் பெயரையும் பயனையும் கேளுங்கள். தமிழில் பெயர், ஊர், மாதம், ஆண்டு ஆகியவற்றை எழுதி விக்கிமீடியா காமன்ஸ் போன்ற பொதுத் தளத்தில் ஏற்றுங்கள். அங்கே விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாம். படம் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும். நாளை ஒரு குழந்தை அதே செடிக்கு முன்னால் போனை நீட்டும்போது தமிழில் விடை வர வேண்டுமென்றால், அதை இன்று நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.