ரைன் நதியோரத்தில் ஒரு சிறு மொழி

கூர் நகரிலிருந்து சிவப்புத் தொடர்வண்டியில் ரைன் நதியோரமாக மலையேறி, திசெந்திஸ் சேர்ந்தோம். நிலையப் பலகையில் ‘முஸ்தேர்’ என்ற பெயரும் இருந்தது. உரோமாஞ்சு மொழியில் துறவுமடம் என்று பொருள். ஊருக்கு மேலே பெனதிக்து சபையாரின் வெண்ணிற மடம் தெரிந்தது.

1938-இல் சுவிட்சர்லாந்தின் ஆடவர் (பெண்களுக்கு அன்று வாக்குரிமை இல்லை!) பெருவாரியாக வாக்களித்து இதனை நான்காம் தேசிய மொழியாக்கினர். பேசுவோரோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அதிலும் ஐந்து எழுத்து வழக்குகள்! 1982-இல் பொது எழுத்துநடை ஒன்றை வகுத்தனர். பள்ளிகளில் அது புகுந்தபோது பெற்றோர் பலர் எதிர்க்கவே, பல ஊர்கள் தம் வழக்கிற்கே திரும்பின.

வண்டியில் ஆங்கிலமறிந்த மூதாட்டி ஒருவர், “பேரப்பிள்ளைகள் சூரிக்கில் வளர்கிறார்கள், எதைக் கேட்டாலும் ஜெர்மனிலேயே பதில். செபங்களை மட்டும் என் மொழியில் கற்பித்துவிட்டேன்” என்றார். ‘பியென் தி’ என்று வணக்கம் கூற எமக்கும் கற்பித்தார். இறங்கும்வரை எம் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே வந்தார்.